ஹெல்மெட்டில் பந்து பட்ட பையனை வெளியே உட்கார வைத்தது சரியா?

லீக்_செயலாளர் | திங்கள், இரவு 9.10

எங்கள் ஊரில் ஞாயிறுதோறும் நடக்கும் 30 ஓவர் லீக்கை நடத்தும் குழுவில் நான் செயலாளர். நேற்று அரையிறுதி. தொடக்க ஆட்டக்காரன் பிளஸ் டூ படிக்கும் பையன், வயது 17. ஷார்ட் பந்தைப் புல் செய்யப் போய்த் தவறவிட்டான். காதுக்குச் சற்று மேலே ஹெல்மெட்டில் பட்டது. விழவில்லை, மயங்கவில்லை. கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டு "ஒன்றும் இல்லை சார்" என்றான். நடுவரும் ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஓவருக்குள் எதிர்முனையில் இருந்தவனிடம் "எத்தனை ரன் வேண்டும்?" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறான். ஸ்கோர் பலகை அவன் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. தண்ணீர் கொண்டுபோன பையன் இதை வந்து சொன்னதும் நான் உள்ளே சென்று அவனை வெளியே அழைத்து வந்துவிட்டேன். அணி எப்படியோ இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஆனாலும் கேப்டன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாலையே அவனுடைய அப்பா சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார். எல்லாம் நார்மல். இன்று லேசான தலைவலி மட்டும் இருக்கிறதாம். வரும் ஞாயிறு இறுதிப்போட்டி, மாவட்டத் தேர்வாளர் ஒருவர் வருகிறார். "ஸ்கேனே சரியாக இருக்கும்போது நீங்கள் யார் தடுக்க?" என்று அப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான். மைதானத்தில் மருத்துவர் இல்லாத எங்களைப் போன்றவர்கள் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பழைய_கீப்பர் | திங்கள், இரவு 9.42

தம்பி, நான் 22 வருடம் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவன். எங்கள் காலத்தில் ஹெல்மெட்டே கிடையாது. அடிபட்டால் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு சோடா, அடுத்த பந்து. ஸ்கேன் சுத்தம் என்று வந்த பிறகும் பையனை உட்கார வைத்தால் அவன் மனதில்தான் பயம் ஏறும். தேர்வாளர் வருவது வருடத்துக்கு ஒரு முறை. யோசித்துச் செய்யுங்கள்.

இரவுப்பணி_மருத்துவர் | திங்கள், இரவு 11.55

அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். முதலில் ஸ்கேன் விஷயம், ஏனென்றால் குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

சி.டி. ஸ்கேன் மண்டை ஓட்டில் விரிசல் இருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதற்கு. இரண்டும் இல்லை என்றால் நல்ல செய்திதான், அந்த அப்பா நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் மூளை அதிர்வு, அதாவது கிரிக்கெட் வர்ணனையில் கன்கஷன் என்று சொல்கிறார்களே, அது அந்தப் படத்தில் தெரியாது. சுவரைப் புகைப்படம் எடுத்து உள்ளே மின்சாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சொல்ல முடியாதல்லவா, அதுபோல. அதிர்வில் கெடுவது நரம்பணுக்களின் வேலை. அவற்றின் உள்ளும் புறமும் இருக்க வேண்டிய உப்புகளின் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படும் நேரத்தில் ரத்த ஓட்டமும் குறைந்துவிடுகிறது. ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்பதற்கு "கன்கஷன் இல்லை" என்று பொருள் இல்லை.

இரண்டாவது, மயக்கம். பெரும்பாலானவர்கள் நினைவிழப்பதே இல்லை. மயங்கி விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று காத்திருந்தால் பத்தில் ஒன்பது பேரைத் தவறவிடுவோம்.

மூன்றாவது, ஹெல்மெட். அது மண்டை உடைவதைத் தடுக்கிறது. உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்கும் ஹெல்மெட் இதுவரை கிடையாது. பந்து தலையிலேயே பட வேண்டும் என்பதும் இல்லை. கழுத்திலோ முகத்திலோ பட்டுத் தலை சட்டென்று திரும்பினாலும் போதும்.

இப்போது உங்கள் பையன். நேரே பலகை இருக்கும்போது ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டான் என்றீர்கள். எனக்கு அது ஒன்றே போதும். 2014 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டி நினைவிருக்கிறதா? ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் அர்ஜென்டினாவின் கராயோடு மோதி விழுந்தார். எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். சற்று நேரத்தில் நடுவர் ரிசோலியிடம் போய் "இது இறுதிப்போட்டிதானா?" என்று கேட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் மோதியதற்குப் பிறகு ஏறத்தாழ கால் மணி நேரம் களத்தில் இருந்தார், 31ஆவது நிமிடத்தில்தான் வெளியே வந்தார். ஜெர்மன் அணியில் மருத்துவர்களுக்குப் பஞ்சமா? உங்கள் தண்ணீர்ப் பையன் அவர்களைவிட வேகமாகச் செயல்பட்டிருக்கிறான்.

வெளியே உட்கார வைத்தது சரி. அன்றைக்கு மறுபடி இறக்காதது அதைவிடச் சரி.

ஸ்கோர்புக் | செவ்வாய், காலை 7.20

டாக்டர் சொன்னதற்கு கிரிக்கெட்டிலிருந்தே சாட்சி இருக்கிறது. 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட். ஸ்டீவ் ஸ்மித் 80இல் இருக்கும்போது ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் இடது காதுக்குக் கீழே கழுத்தில் பட்டுத் தரையில் சாய்ந்தார். உள்ளே அழைத்துப் போய் எல்லாச் சோதனைகளும் செய்தார்கள், தேறினார். திரும்பி வந்து 92 வரை போனார். மறுநாள் காலை எழுந்தபோது தலைவலி, மந்தம். அதன் பிறகே கன்கஷன் என்று உறுதி செய்து அவரை விலக்கினார்கள். அவருக்குப் பதிலாக வந்த லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரர். இப்படி மாற்று வீரரை அனுமதிக்கும் விதியே அந்த ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. லபுஷேனும் ஆர்ச்சரின் பந்தை ஹெல்மெட் கம்பியில் வாங்கினார், 59 அடித்தார். ஸ்மித் அடுத்த ஹெடிங்லி டெஸ்டில் ஆடவில்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: தேர்ந்த மருத்துவர், உலகத்தரச் சோதனை எல்லாம் இருந்தும் முதல் நாள் "சரி" என்று வந்த ஒருவருக்கு அடுத்த நாள் அறிகுறிகள் வந்தன. நம் லீக்கில் ஒரு பையன் "ஒன்றும் இல்லை சார்" என்று சொல்வதற்கு என்ன மதிப்பு?

பழைய_கீப்பர் ஐயாவுக்கு: ஹெல்மெட் இல்லாத காலத்தைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். 1962இல் பார்படாஸில் சார்லி கிரிஃபித்தின் பந்தில் இந்தியக் கேப்டன் நரி கான்ட்ராக்டரின் மண்டை உடைந்தது. உயிர் பிழைத்ததற்கு ரத்தம் கொடுத்தவர்களில் எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வாரலும் ஒருவர். அதற்குப் பிறகு கான்ட்ராக்டர் இந்தியாவுக்காக ஆடவே இல்லை. அந்தக் காலத்திலும் சோடா போதவில்லை.

பழைய_கீப்பர் | செவ்வாய், காலை 8.05

கான்ட்ராக்டர் கதை எனக்குத் தெரியாதா தம்பி? அது மண்டை உடைந்த கதை. இங்கே உடையவில்லை என்று ஸ்கேனே சொல்கிறது.

நடுநிலை_நடுவர் | செவ்வாய், காலை 10.31

நான் மாவட்ட அளவில் நடுவராக இருக்கிறேன். எல்லோரும் ஒரு பக்கத்தையே பேசுகிறீர்கள். மறுபக்கத்தையும் பாருங்கள். 2020 டிசம்பர் 4, கான்பெரா, ஆஸ்திரேலியாவோடு டி20. கடைசி ஓவரில் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் தொடர்ந்து ஆடி 44 ரன்னில் ஆட்டமிழக்காமல் முடித்தார். இடைவேளையில் கன்கஷன் என்று சொல்லி சாஹலைக் கொண்டுவந்தார்கள். சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லாங்கர் ஆட்ட நடுவர் டேவிட் பூனிடம் வாக்குவாதம் செய்ததை எல்லோரும் பார்த்தோம். நம் சின்னப்பம்பட்டி நடராஜனின் முதல் டி20 சர்வதேச ஆட்டமும் அதுதான் என்பதால் நம் ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை!

பிறகு 2025 ஜனவரியில் புனே. ஷிவம் துபேவுக்குப் பதிலாக ஹர்ஷித் ராணா. மட்டை சுழற்றும் ஆல்ரவுண்டருக்குப் பதில் முழுநேர வேகப்பந்து வீச்சாளர். அவர் மூன்று விக்கெட் எடுத்தார், இந்தியா வென்றது. இங்கிலாந்து கேப்டன் பட்லர் ஒத்துக்கொள்ளவில்லை.

விதி வந்தால் அதை வளைக்க ஆளும் வரும். நம் உள்ளூர் லீக்கில் "தலையில் பட்டது, மாற்று ஆள் வேண்டும்" என்று ஆரம்பித்தால், எட்டாவது ஓவரில் களைத்துப்போன பந்துவீச்சாளருக்கெல்லாம் தலை சுற்றும். அப்போது நான் என்ன செய்வது?

ஸ்கோர்புக் | செவ்வாய், காலை 11.02

ஏமாற்றுகிறார்கள் என்பதற்காக விதி வேண்டாம் என்பீர்களா, அல்லது விதியை இறுக்க வேண்டும் என்பீர்களா? சர்வதேச கிரிக்கெட்டை நடத்தும் ஐசிசி இரண்டாவதைச் செய்தது. 2025 முதல் ஒவ்வொரு அணியும் ஆட்டத்துக்கு முன்பே ஐந்து மாற்று வீரர்களின் பெயரைக் கொடுத்துவிட வேண்டும்: ஒரு விக்கெட் கீப்பர், ஒரு மட்டையாளர், ஒரு வேகப்பந்து வீச்சாளர், ஒரு சுழற்பந்து வீச்சாளர், ஒரு ஆல்ரவுண்டர். கன்கஷன் உறுதியானவர் குறைந்தது ஏழு நாள் ஆடக்கூடாது என்றும் சேர்த்தார்கள். பொய்யாகத் தலைசுற்றினால் அடுத்த ஆட்டமும் போய்விடும், யோசித்துத்தான் சுற்றும்.

என் கவலை வேறு. கான்பெராவில் ஜடேஜா அடிபட்டதும் மைதானத்துக்குள் யாரும் வந்து பார்க்கவே இல்லை. சாஹலைப் பற்றிப் பேசியவர்கள் அதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

மதுரை_ரெய்டர் | செவ்வாய், மாலை 6.48

கிரிக்கெட்டில் பந்து பட்டால் நாலு கேமராவில் தெரிகிறது. கபடியில் யாருக்குத் தெரியும்? கணுக்காலைப் பிடிக்கப் பாயும்போது ரெய்டரின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடிக்கும். இரண்டு பேர் சேர்ந்து மடக்கும்போது அவர்கள் தலையே ஒன்றோடொன்று மோதும். மேலே ஐந்து பேர் விழுந்து கிடப்பதால் எழுந்திருக்கத் தாமதமானது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நடுவர் விசில் ஊதி, புள்ளி கொடுத்து, அடுத்த ரெய்டு தொடங்கிவிடும்.

எங்கள் அணியில் கார்னரில் நிற்பவர் ஒருவருக்கு இப்படி ஆனது. ஆட்டத்தில் அவர் நன்றாகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு வந்த நாட்களில்தான் எல்லாம். பஸ்ஸில் ஜன்னலோர வெயில் தாங்காமல் இடம் மாறி உட்கார்ந்தார். மெஸ்ஸில் தட்டுச் சத்தத்துக்கு எரிச்சல். யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர், சின்னப் பையன் ஒருவனை அடிக்கப் போய்விட்டார். "திமிர்" என்றார்கள், "காதல் தோல்வி" என்றார்கள். தலையில் இடித்தது யாருக்கும் நினைவில் இல்லை, அவருக்கும்.

டாக்டர், கோபமும் இதில் சேருமா?

இரவுப்பணி_மருத்துவர் | செவ்வாய், இரவு 10.15

சேரும். எரிச்சல், காரணமில்லாத அழுகை, பதற்றம், தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, "மண்டைக்குள் பனி மூட்டம்" என்று சொல்வது, பாடத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது எல்லாமே அறிகுறிகள். சில முதல் நிமிடத்தில் வரும், சில ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். அதனால்தான் அந்த ஆளை நன்கு அறிந்தவர்கள் கண் முக்கியம். நான் ஒருவரை முதல் முறை பார்க்கும்போது அவர் எப்போதுமே முன்கோபியா, இந்த வாரம்தான் இப்படியா என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்குத் தெரியும், அறைத்தோழனுக்குத் தெரியும்.

களத்தில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். அசையாமல் கிடந்தாரா, எழ நேரமானதா, எழுந்ததும் தள்ளாடினாரா, தலையைப் பிடித்துக்கொண்டாரா, பார்வை எங்கோ நிலைகுத்தியிருக்கிறதா, பதில் வரத் தாமதமாகிறதா, தவறான இடத்தில் போய் நிற்கிறாரா. இவற்றில் ஒன்று இருந்தாலும் வெளியே. "கன்கஷன்தான்" என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தாலே போதும், பெயர் வைப்பது எங்கள் வேலை.

கீழ்க்கண்டவை வந்தால் மட்டும் லீக், இறுதிப்போட்டி எல்லாவற்றையும் மறந்து ஆம்புலன்ஸை அழையுங்கள்: நேரம் போகப் போகக் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, கழுத்து வலி, மயக்கம், நினைவு மங்கிக்கொண்டே போவது, அடக்க முடியாத அளவுக்கு முரண்டு. கழுத்தில் வலி என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், ஆளைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்.

முதல் மூன்று மணி நேரமாவது தனியாக விடக்கூடாது, தனியாக வீட்டுக்கு அனுப்பக்கூடாது. பைக் ஓட்டவே கூடாது. நம் ஊரில் ஆட்டம் முடிந்ததும் பையன்கள் முதலில் எடுப்பது பைக் சாவியைத்தான்.

பழைய_கீப்பர் | புதன், காலை 6.30

டாக்டர் அம்மா, ஒரு சந்தேகம். தலையில் அடிபட்டவனைத் தூங்க விடக்கூடாது என்று என் பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். என் தம்பியை ஒரு முறை விடிய விடிய உட்கார வைத்து வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது சரியா தப்பா?

ஸ்கோர்புக் | புதன், காலை 7.11

ஐயா, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன், பிறகு டாக்டர் பதில் சொல்லட்டும். 1998 பிப்ரவரி, டாக்கா. இந்தியாவுக்காக ஆடிய நம் ராமன் லம்பா அங்கே அபஹானி கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். மட்டையாளருக்கு மிக அருகில், ஷார்ட் லெக்கில், ஹெல்மெட் இல்லாமல் நின்றார், சில பந்துகள்தானே என்று. மெஹ்ராப் ஹுசைன் அடித்த பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்தது, கீப்பர் கேட்ச் பிடித்தார். லம்பா தானாகவே எழுந்து நடந்து போனார். நன்றாக இருப்பதாகவும் சொன்னார். அதன் பிறகுதான் நினைவிழந்தார். மூன்று நாள் கழித்து, 23ஆம் தேதி இறந்தார். வயது 38. உள்ளே ரத்தக்கசிவு.

இரவுப்பணி_மருத்துவர் | புதன், மதியம் 2.20

லம்பாவுக்கு நேர்ந்தது கன்கஷன் அல்ல, மண்டைக்குள் ரத்தக்கசிவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் களத்தில் முதல் பத்து நிமிடத்தில் இரண்டும் ஒரே முகத்தோடு வரலாம். அடிபட்டவர் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும் அந்தச் சிறிது நேரத்தைப் பார்த்து ஏமாறுவதால்தான் கண்காணிப்பு முக்கியம் என்கிறோம்.

தூக்கத்துக்கு வருகிறேன். ஐயா, உங்கள் தம்பி பாவம். முன்பே சொன்ன ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லாமல், மருத்துவரும் பார்த்துவிட்டார் என்றால் தூங்கலாம். தூக்கம் மூளைக்கு நல்லதுதான். அச்சப்பட வேண்டியது எழுப்பினால் எழாதபோது.

இன்னொரு பழைய பழக்கமும் போய்விட்டது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் விளையாட்டுக் கன்கஷன் பற்றி உலக நிபுணர்கள் கூடி, மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கை அதைத் தெளிவாக மறுக்கிறது. முதல் ஒன்றிரண்டு நாள் அளவான ஓய்வு, செல்போன் திரையைக் குறைப்பது. பிறகு மெதுவான நடை. பின்னர் படிப்படியாக ஓட்டம், தனிப்பயிற்சி, மற்றவர்களோடு பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறிகள் கூடினால் ஒரு படி கீழே. அடிபடும் வாய்ப்புள்ள பயிற்சிக்குப் போகுமுன் மருத்துவர் அனுமதி வேண்டும். மாணவன் என்றால் மைதானத்துக்கு முன் வகுப்பறைக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

செயலாளர் சார், உங்கள் ஞாயிறு இதில் எங்கே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடிபட்ட மறுநாளும் தலைவலி இருந்த பையன் ஏழாம் நாள் 130 கிலோமீட்டர் வேகப் பந்தை எதிர்கொள்ள வேண்டும். ஐசிசியின் ஏழு நாள் மருத்துவர் குழுவோடு திரியும் சர்வதேச வீரர்களுக்கான கீழ்வரம்பு. பிரிட்டன் 2023இல் கிளப், பள்ளி அளவு விளையாட்டுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் என்கிறது. பதின்வயதினர் தேறுவதற்குப் பெரியவர்களைவிட நாளாகும். என்னிடம் கேட்டால் இந்த ஞாயிறு இல்லை.

டொராண்டோ_தாய் | வியாழன், அதிகாலை 4.02

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ஒன்ராறியோவில் இருக்கிறோம். மகள் பாடசாலை உதைபந்தாட்ட அணியில் இருக்கிறாள். ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன் மூளை அதிர்வு பற்றிய அறிவுறுத்தலை நானும் அவளும் வாசித்ததாக உறுதிப்படுத்தினால்தான் பதிவு செய்வார்கள். முதல் வருடம் எனக்கும் வீண் வேலை போலத்தான் இருந்தது.

பிறகுதான் அந்தச் சட்டத்துக்கு ஏன் ரோவன் சட்டம் என்று பெயர் என அறிந்தேன். ரோவன் ஸ்டிரிங்கர் ஒட்டாவாவில் பாடசாலை ரக்பி அணியின் தலைவி, 17 வயது. 2013 மே மாதம் ஒரு வாரத்துக்குள் பல தடவை தலையில் அடிபட்டாள். தனக்கு மூளை அதிர்வாக இருக்குமோ என்று சிநேகிதிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள், இணையத்தில் தேடியும் பார்த்திருக்கிறாள். பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாது. கடைசி அடிக்குப் பிறகு எழும்பவில்லை. 2018இல் சட்டம் வந்தது.

அவள் வயதுதான் அந்தப் பையனுக்கும். முதல் அதிர்வு ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். அரிதுதான், வைத்தியர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் இளம் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது.

தகப்பனாரோடு கோபப்படாமல் கதையுங்கள். ஸ்கேன் எடுத்த மனிதர் அக்கறையில்லாதவர் அல்ல.

நடுநிலை_நடுவர் | வியாழன், காலை 9.15

சரி. 21 நாள் என்று நீங்கள் சொன்னால் ஒரு பையன் அடுத்த முறை அடிபட்டதையே மறைப்பான். இதற்கு யாரிடமாவது பதில் இருக்கிறதா?

மதுரை_ரெய்டர் | வியாழன், காலை 9.50

இப்போதும் மறைக்கத்தான் செய்கிறான். அதனால் அவனைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

லீக்_செயலாளர் | வியாழன், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பையனின் வீட்டுக்குப் போனேன். ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று டாக்டர் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு பையனின் அம்மா உள்ளேயிருந்து வந்து, இரண்டு நாளாக டியூஷனில் எழுதிய கணக்கு ஒன்றும் முடியவில்லை என்றார். அப்பாவுக்கு அது புதுச் செய்தி. வரும் ஞாயிறு அவன் ஆடப்போவதில்லை. தேர்வாளரிடம் நானே பேசியிருக்கிறேன். அடுத்த மாத முகாமில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், எழுத்தில் அல்ல, வாய்மொழியாக.

இறுதிப்போட்டியிலிருந்தே ஒரு விதி கொண்டுவருகிறோம். தலையிலோ கழுத்திலோ பட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். சந்தேகம் என்று நடுவரோ, இரண்டு கேப்டன்களில் ஒருவரோ, நானோ சொன்னால் வெளியே. அன்று திரும்ப முடியாது. முன்பே பெயர் கொடுத்த மாற்று வீரர் வரலாம். பந்துவீச்சாளருக்கு மாற்றாக வருபவர் மீதமுள்ள ஓவர்களை மட்டும் வீசலாம். திரும்ப ஆட மருத்துவர் கடிதம்.

நடுவர் கேட்க வேண்டிய கேள்விகள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறேன்.

இரவுப்பணி_மருத்துவர் | வெள்ளி, காலை 5.40

"உன் பெயர் என்ன, இன்று என்ன தேதி" என்று கேட்காதீர்கள். அதிர்வுக்குள்ளானவர்களும் அதற்குச் சரியாகவே பதில் சொல்லிவிடுவார்கள். மேடாக்ஸ் என்பவரும் சகாக்களும் ஆஸ்திரேலிய வீரர்களிடம் ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட கேள்விகள்தான் இன்றும் பயன்படுகின்றன. எல்லாமே சற்று முன் நடந்ததைப் பற்றியவை. உங்கள் லீக்குக்கு ஏற்ப மாற்றித் தருகிறேன்:

இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? நடப்பது முதல் இன்னிங்ஸா, இரண்டாவதா? கடைசியாக அவுட் ஆனது யார்? போன ஆட்டத்தில் யாரோடு ஆடினோம்? அதில் வென்றோமா?

ஒன்று தவறினாலும் வெளியே. ஆனால் ஐந்துக்கும் சரியாகச் சொன்னால் உள்ளே என்று பொருள் இல்லை. தள்ளாட்டமோ தலைவலியோ இருந்தால் கேள்விக்கே போக வேண்டாம்.

பழைய_கீப்பர் | வெள்ளி, காலை 6.15

நாலாவது கேள்விக்கு எங்கள் பழைய அணியில் அடிபடாதவனே பதில் சொல்ல மாட்டான். ஐந்தாவதற்கு எல்லோரும் "வென்றோம்" என்பார்கள்.

இரவுப்பணி_மருத்துவர் | வெள்ளி, காலை 6.22

அப்படியானால் டாஸ் போடும்முன் ஒரு முறை எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள் ஐயா. அப்போதே சொல்லத் தெரியாதவன் யார் என்று குறித்துக்கொள்ளலாம்.

லீக்_செயலாளர் | வெள்ளி, காலை 8.00

அட்டை அச்சுக்குப் போய்விட்டது. நடுநிலை_நடுவர் சார், ஞாயிறு நீங்கள் நிற்க முடியுமா? எங்கள் நடுவருக்கு வீட்டில் விசேஷம்.

நடுநிலை_நடுவர் | வெள்ளி, காலை 8.47

வருகிறேன். மாற்று வீரர் பட்டியல் டாஸுக்கு முன் என் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்று ஆள் கிடையாது, யாருக்குத் தலை சுற்றினாலும்.